காணாமல் போன அதிரசம்

எழில்மொழிக்குத் தன் ஓரகத்தி பூவிழியைக் கண்டாலே வயிறு எரியும். நகைக்காக அல்ல, நிலத்துக்காகவும் அல்ல. ரத்தத்தில் ஓடும் சர்க்கரைக்காக!

பூதலூர் பக்கத்தில் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இருவருக்கும் சர்க்கரை நோய் முன்பின்னாக வந்தது. ஒரே மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே பஸ்ஸில் தஞ்சாவூர் கிளினிக்குக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பார்கள். பூவிழியின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏழு சதவீதத்தைத் தாண்டாது. எழில்மொழிக்குப் பன்னிரண்டு.

"அக்காவைப் பார்த்துக் கத்துக்கம்மா" என்பாள் நர்ஸ். பூவிழி அடக்கமாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எழில்மொழியின் நெஞ்சில் முள்ளாக இறங்கும்.

நாற்பது வயதில் நாற்பத்தோரு கிலோ. ரவிக்கையை மூன்று முறை பிடித்துத் தைத்தாயிற்று. நடவு நாளில் வரப்பில் நிற்கக்கூடத் தெம்பில்லை. ஆனால் அவள் வாயைக் கட்டுகிறாள் என்பதை யார் நம்பினார்கள்? பூவிழி சர்க்கரை டப்பாவைப் பூட்டினாள். "உன் நல்லதுக்குத்தான்டி" என்று ஒரே ஒரு கரண்டி சோறு அளந்து போட்டாள். தீபாவளிக்குச் சுட்ட அதிரசத்தில் ஒன்று குறைந்தபோது வீடே எழில்மொழியின் வாயைப் பார்த்தது.

"அண்ணியும் அதே மாத்திரைதானே போடுறாங்க? அவங்களுக்குக் கேக்குது, உனக்கு மட்டும் ஏன் கேக்கல?" என்றான் கணவன் சேரன். தாலி கட்டியவனே திருடி என்கிறானே! அன்று அவள் தொட்டியடியில் உட்கார்ந்து அழுதது பாத்திரங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

தை மாதம் கிளினிக்குக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ஷோபனா, சீட்டைப் பார்க்கவில்லை; அவளைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இப்படி இளைக்கிறீங்க?"

"ஒண்ணரை வருஷமா, டாக்டர். சத்தியமா நான் ஒளிச்சுத் திங்கல!"

"நான் அப்படிக் கேக்கலியே. ஆன்டிபாடி டெஸ்ட் ஒண்ணு எடுப்போம். இன்சுலின் சுரக்கிற செல்லை உங்க உடம்போட எதிர்ப்புச் சக்தியே அழிக்குதான்னு அதுல தெரியும். சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டுமில்ல, இந்த முதல் வகைச் சர்க்கரை பெரியவங்களுக்கும் வரும்."

முடிவு வரப் பத்து நாள் ஆகும். இன்சுலினை அன்றே தொடங்கினார் டாக்டர். அந்தப் பத்து நாளும் எழில்மொழி வேண்டியது ஒன்றே ஒன்று: 'எனக்கு அந்தப் பெரிய நோயே இருக்கட்டும், தாயே!' எந்தப் பெண்ணாவது இப்படி வேண்டுவாளா?

இருந்தது. ஆன்டிபாடி மிக அதிகம்.

"இது சாப்பாட்டால வந்ததில்ல, சார். இவங்க பட்டினி கிடந்தாலும் ஏறும். இனி எப்பவும் இன்சுலின் வேணும்" என்றார் டாக்டர், கூட வந்திருந்த சேரனிடம். சேரன் பஸ்ஸில் அந்தத் தாளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தான். மனைவியின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் பூவிழி அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழிலு... அந்த அதிரசம்... நான்தான்டி எடுத்தேன்."

"திருடித் தின்ன உங்களுக்கு ஏழு. பட்டினி கிடந்த எனக்குப் பன்னிரண்டு. அப்பவும் வாயைத் தெறக்கலியே, அக்கா!"

பூவிழி எழுந்து இலை போட்டாள். எழில்மொழி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் சொன்ன அளவுக்குப் புது அரிசிச் சோறு, மூன்று கரண்டி, ஆவி பறக்க விழுந்தது. பூவிழியின் தட்டில் இரண்டு சப்பாத்தி. அவள் கண் இலையை விட்டு நகரவில்லை.

"ஊசி போட்டா இவ்வளவு சோறு சாப்பிடலாமா?" குரலில் ஏக்கம்.

இரண்டு வருடமாகத் தன் நெஞ்சில் குடியிருந்த அந்தப் பொறாமையை எழில்மொழி அந்தக் கண்ணில் அடையாளம் கண்டுகொண்டாள்.

"தினம் நாலு ஊசி, அக்கா. சாகுற வரைக்கும். மாத்திக்கலாமா?"

பூவிழி தலை குனிந்துகொண்டாள். எழில்மொழி முதல் கவளத்தை எடுத்தாள்.