ஓரத்தைப் பார்த்த விளக்கு

கோயில் வளைவில் நாங்கள் புத்தகப் பைகளோடு நின்றிருந்தோம். எங்களைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் சிவா மாமாவின் பிக்கப் வரவில்லை. அவருடைய தம்பி ரவி மாமாதான் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் பக்கமிருந்து நடந்து வந்தார். "அண்ணே தூக்கத்துலயே போயிட்டாரும்மா. எல்லாரும் வீட்டுக்குப் போங்க," என்றார். நாங்கள் பைகளைக் கழற்றாமல் அப்படியே நின்றோம்.

ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்கு அவர் வண்டியில் படிக்கப் போனவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் அவர் வண்டியின் விளக்குகளைப் பற்றி எழுதி வைக்க விரும்புகிறேன்.

மழைக்காலத்தில் மாலை வகுப்பு முடிந்து திரும்பும்போது மூடுபனி பாதையை மறைத்துவிடும். ஒருநாள் வண்டியின் முன்சில்லு பாதையோர வடிகாலான கானுக்குள் இறங்கிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் எங்கள் அம்மாமார் கூடிப் பேசி, இனி மாலை வகுப்பே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அழுதேன். "படிப்பு வேணும்தான். புள்ளையும் வேணுமே," என்றார் அம்மா. சிவா மாமா, "ஒரு கெழமை பொறுங்கக்கா," என்று மட்டும் கேட்டார்.

வண்டிக் கூரையில் இரண்டு பெரிய வெள்ளை விளக்குகள் ஏறின. வயரெல்லாம் அவரே இழுத்திருந்தார். தேர் மாதிரி இருப்பதாக அவருக்குப் பெருமை. பனிக்குள் போட்டுக் காட்டினார். எதிரே வெள்ளைச் சுவர்தான் எழும்பியது.

"மாமா, இப்ப பனி நல்லாத் தெரியுது," என்றாள் என் தோழி கவிதா.

எங்களைவிட அவர்தான் அதிகம் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் சுவிட்சிலிருந்து கருகிய வாடை வந்தது.

மறுநாள் பாடசாலை விட்டு வரும் வழியில், பதுளையில் வாகன வயரிங் செய்யும் நானாவின் கடையில் நிறுத்தினார். நானா உள்ளே எட்டிப் பார்த்தார். "ரிலே இல்ல, ஃபியூஸும் இல்ல. வண்டிய கொளுத்தவா லைட் போட்டீங்க?"

"அது பெருமைக்குப் போட்டது நானா. இப்ப புள்ளைங்களுக்குப் போடுங்க."

நானா மஞ்சள் விளக்குகளை பம்பருக்குக் கீழே பூட்டினார். இரண்டையும் நேராகத் திருப்பப் போனபோது சிவா மாமா தடுத்தார். "இடதுபக்கத்த மட்டும் ஓரமாத் திருப்புங்க. கானு அங்கதான் இருக்கு. கொழுந்தெடுத்துட்டு பொம்பளைங்களும் அந்த ஓரமாத்தான் வருவாங்க."

அடுத்த பனியில் அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினார். ஓரத்துப் புல், கானின் விளிம்பு, வேலை முடிந்து வந்த ஓர் அக்காவின் கால்கள் எல்லாம் மஞ்சள் வெளிச்சத்தில் தெரிந்தன. அம்மா இறங்கி, "சரி, போகட்டும்," என்றார். நாங்கள் மீண்டும் வகுப்புக்குப் போனோம்.

அவரைத் தூக்கிப் போன அன்றும் பனி இறங்கியது. தப்பு மேளச் சத்தத்துக்குப் பின்னால் ரவி மாமா பிக்கப்பை மெல்ல ஓட்டி வந்தார். ஓரமாக நடந்த எங்கள் கால்களில் இடது விளக்கு விழுந்துகொண்டே வந்தது.

இப்போது ரவி மாமாதான் எங்களை ஏற்றிப் போகிறார். முதல் நாள் அம்மா வண்டியருகே வந்து, "வெளக்க நேராத் திருப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். "இல்லக்கா. அண்ணே வச்சபடியேதான் இருக்கு." அம்மா என் பையை வாங்கி உள்ளே வைத்தார்.

முன்சீட்டில் உட்கார்ந்தால் நான் முதலில் இடது ஓரத்தைத்தான் பார்க்கிறேன். பனிக்குள் யாராவது நடந்து வந்தால், "மாமா, ஆள் வருது," என்கிறேன். சிவா மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பார்வை.