தேன்மொழி தூங்கிய பிடி

புத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தமிழ்ச்செல்வனுக்குப் பாட வராது. வாயைத் திறந்தால் கீழே நாங்கள் ஜன்னலைச் சாத்துவோம். ஆனால் அவன் எழுதும் நிரல் பாடும். சங்கீதம் பழகுகிறவர்களுக்கான ஒரு மென்பொருளுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். ராகத்தின் பெயரைக் கொடுத்தால் போதும், சின்னச் சின்ன சுரக்கோவைகளை அதுவே கட்டி வீணை ஒலியில் வாசிக்கும். அவற்றைப் பிடிகள் என்பார்கள். ஒருமுறை வந்த பிடி மறுபடி வராது என்பதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. கேட்காதவர்களிடமும் சொல்வான்.

மனைவி காஞ்சனா திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். பிரசவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை போக வேண்டும். குழந்தை தேன்மொழியோ அம்மா மடியைத் தவிர வேறெங்கும் தூங்கியதில்லை. காஞ்சனா பாடுவதும் ஒரே ஒரு வரிதான். "ரெகார்டு தேஞ்சுபோச்சா?" என்று இவன் கிண்டல் செய்வான்.

"உங்களாண்ட தூங்கலேன்னா வேலைய உட்டுட்றேன். புள்ள அழுதுகினு இருந்தா என்னால பாடம் நடத்த முடியாது" என்றாள்.

"நீ போ. நீலாம்பரி இருக்குது."

தாலாட்டுக்கென்றே பேர்போன ராகம். கொஞ்சம் வழுக்கினாலும் அதன் தாய் ராகமான சங்கராபரணத்தில் போய் விழும். அதனால் எந்தப் பிடிக்குப் பின் எது வரலாம் என்ற விதிகளை ஞாயிறு முழுக்க உட்கார்ந்து இறுக்கினான்.

திங்கட்கிழமை காஞ்சனா பஸ் ஏறினாள். குழந்தை தூங்கும் வேளை வந்ததும் மாடியில் வீணை கேட்டது. அசல் நீலாம்பரி, எனக்கே கண் சொக்கியது. தேன்மொழி மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். கண் செருகுகிற நேரம் பார்த்துப் புதுப் பிடி வரும். யாரோ கதவைத் தட்டியதுபோல் திரும்பிப் பார்ப்பாள். பிறகு அழுகை.

"தூங்கு கண்ணு, நைனா பாவம் இல்ல?" என்று தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

அப்போதுதான் நிரல் மாட்டிக்கொண்டது. அந்த இறுக்கமான விதிகளுக்குள் அடங்கும் பிடிகள் எல்லாம் தீர்ந்துபோயின. போக்கிடம் இல்லாமல் கடைசிப் பிடியையே திரும்பத் திரும்ப வாசித்தது. அவனுக்கு மானம் போயிற்று. நிறுத்தலாமென்றால் இரண்டு கையிலும் குழந்தை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். சற்று நேரத்தில் தோள் கனத்தது. தேன்மொழி தூங்கிவிட்டாள்! மெல்லத் தொட்டிலில் கிடத்தி, லேப்டாப்பை நிறுத்தக் கையை நீட்டியவன், சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாளோ என்று பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டான்.

போன் அதிர்ந்தது. காஞ்சனா.

"இன்னாங்க, மனசே கேக்கல. வேல வேணாம், திருப்பதி பஸ் ஸ்டாண்டாண்ட வந்துட்டேன்."

"தூங்குது" என்றான் கிசுகிசுப்பாக.

"பொய் சொல்லாதீங்க."

அவன் போனை லேப்டாப் பக்கம் நீட்டினான்.

"ஒரே பிடியே வந்துகினு இருக்குதே. ரெகார்டு தேஞ்சுபோச்சா?"

"ஆமா, தேஞ்சுபோச்சு. அப்டியே இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

மறுமுனையில் பஸ் ஹாரனுக்கு நடுவே அவள் சிரிப்பது கேட்டது.

"சரி, வெய்ங்க. சாப்பாட்டு பெல் முடிஞ்சதும் எனக்குத்தான் கிளாஸ்" என்று காஞ்சனா பள்ளிக்கூடத்தைப் பார்க்கத் திரும்பி நடந்தாள்.