மோரின் மேல் போட்ட பழி

எண்பதுகளின் கடைசியில், நாங்கள் வில்லாபுரத்தில் குடியிருந்தபோது நடந்தது. என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் என் எலும்பு மஜ்ஜையை எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு வந்தான். நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். "இனி எனக்கும் கெமிஸ்ட்ரி வரும்ண்ணே, ஒன் மஜ்ஜைதான உள்ள ஓடுது" என்று சிரிப்பான்.

கொதித்து ஆறிய தண்ணீர்தான், தயிர் மோர் கூடாது, பேதி கண்டால் அன்றே கிளம்பி வர வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

வந்த பத்தாம் நாள் பேதி தொடங்கியது. நான் வண்டி பிடிக்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போனேன். "என்னம்மா குடுத்த?" என்று தம்பி மனைவியைக் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். துருவித் துருவிக் கேட்டதும் அழுதுவிட்டாள். வெயில் தாங்காமல் அவன் கெஞ்சியதால் ஒரு டம்ளர் மோர் கொடுத்திருக்கிறாள்.

எனக்குக் கோபத்தைவிடத் திருப்திதான் அதிகம் வந்தது. எழுதவே கூசுகிறது. விடை கிடைத்துவிட்டதாம். கஞ்சியும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் போதும், தானாக நிற்கும் என்று தீர்மானித்தேன்.

மூன்றாம் நாள், "பதினாலு தடவைண்ணே. டவுன் பஸ்ஸுகூட இம்புட்டு ட்ரிப் அடிக்காது" என்றான் தம்பி, சுவரைப் பிடித்தபடி. பச்சை நிறத்தில் தண்ணீராகப் போனது.

"உள்ளங்கையெல்லாம் செவந்து கெடக்கு அத்தான். இது மோரு மாதிரி தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்றாள் அவள்.

"செய்யிறதையும் செஞ்சுட்டுப் பேச்ச மாத்தாத" என்றேன்.

ஐந்தாம் நாள் ரத்தம் போன பிறகுதான் கிளம்பினோம்.

பரிசோதனைகள் முடிந்து மருத்துவர் என்னைத் தனியாக அழைத்தார். இந்தச் சிகிச்சைக்குப் பின் வரும் பேதிக்குக் கிருமி, மருந்து என்று பல காரணங்கள் உண்டாம். இவனுக்கு அவை இல்லை. என் மஜ்ஜையிலிருந்து வளர்ந்த அணுக்கள் அவன் குடலை அந்நியமென்று எண்ணித் தாக்கியிருந்தன, தோலையும்தான். "அதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல சார். மோரும் காரணமில்ல. ஆனா மொத நாளே வந்திருந்தா மருந்துல அடக்கப் பாத்திருக்கலாம்" என்றார்.

பதினெட்டு நாள் கிடந்து தம்பி போய்விட்டான்.

"என் கையாலயே குடுத்தேனே" என்று அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். சொந்தக்காரர்கள் அவளைப் பார்த்த பார்வையையும் கண்டேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. சொன்னால் அந்த ஐந்து நாளைப் பற்றி யாராவது கேட்பார்கள்.

ஒன்பது வருடம் கழித்துத்தான் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. "இப்ப எதுக்கு அத்தான் சொல்றீங்க? ஒங்களுக்குத் தூக்கம் வரலையா?" என்றாள்.

வரவில்லைதான். தம்பியைக் கொன்றவை என் அணுக்கள் என்பதை எப்படியோ தாங்கிக்கொண்டேன். அத்தனை வருடம் அவளைக் கொலைகாரியாக வாழவிட்டதை இந்த வயதிலும் தாங்க முடியவில்லை.