எல்லாருக்கும் ‘மிக நன்று’

என் மனைவி ஆவணியில் போய்ச் சேர்ந்தாள். புரட்டாசியில், சம்பா நடவுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தவர்களுக்கு நான் ஒண்டியாகவே நாற்று விட்டுக் கொடுத்தேன். நடவு மெஷினுக்குத் தோதாக, ட்ரேயில் பாய் மாதிரி வளர்த்துச் சுருட்டிக் கொடுக்கும் நாற்று. அது எங்கள் இருவருடைய தொழில். மண் சலிப்பதும் முளைகட்டிய விதையைத் தூவுவதும் அவள் கை. வண்டியில் ஏற்றுவது, வயலில் இறக்குவது, வாய் பேசுவது எல்லாம் நான். அந்தப் பட்டத்தில் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை பாட்டுக்குச் செய்தது.

சித்திரையில் சிங்கப்பூரிலிருந்து மகன் போன் செய்தான். குறுவைக்கு நாற்று விடுவதா, தொழிலை இத்தோடு நிறுத்திவிடுவதா என்று கேட்டான். எனக்கு இரண்டும் ஒன்றுதான். “உன் இஷ்டம்” என்றேன்.

“என் இஷ்டம் என்னப்பா? வாங்குறவங்களையே கேட்டுடுவோம். ஆன்லைன்ல ஒரு சர்வே போடுறேன், ஃப்ரீதான். பேரு போட வேணாம். அப்பதான் உண்மையச் சொல்லுவாங்க.”

பேர் போடாமல் எங்கள் ஊரில் எவன் என்ன செய்திருக்கிறான்? கோயிலுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தால் றெக்கைக்கு றெக்கை உபயம் எழுதுகிற ஆட்கள் நாங்கள். இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாய் வரவில்லை.

கேள்விகள் கொஞ்சம்தான். போன சம்பாவில் நாற்று எப்படி இருந்தது, குறுவைக்கும் எடுப்பீர்களா, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா. நாற்று வாங்கியவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மறுநாள் காலையிலேயே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிட்டது. முதலில் மேலத்தெருவில் மருமகன் முறையாகிற ஒருவன்.

“மாமா, நாத்துக்கு மிக நன்று போட்டுட்டேன். பாத்தீங்களா?”

“யாரு போட்டதுன்னு அதுல வராதுப்பா.”

“வராதா? அப்ப நான் போட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இப்பதான் சொல்லிட்டியே.”

அவனுக்கு மனசு ஆறவில்லை. திரும்பப் போய்க் கடைசிக் கேள்விக்குத் தன் பெயரையும் அப்பா பெயரையும் எழுதி அனுப்பினான். மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். கல்யாண மொய் மாதிரி, வைத்தது தெரிய வேண்டும். சிலர் அந்த இடத்தில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்றும் எழுதியிருந்தார்கள். சாவு விழுந்த வீட்டில் போய்க் குறை சொல்வார்களா? அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன்.

மகனுக்கு ஏக சந்தோஷம். எல்லாரும் எடுப்பதாகச் சொல்கிறார்கள், ட்ரே இன்னும் வாங்கிவிடலாம் என்றான். சரி என்றேன். விதைநெல்லுக்கும் சொல்லிவிட்டேன். வந்த பதில்களைப் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து படித்தேன். மிக நன்று. எப்போதும் போல நன்று. ஒன்றும் தோன்றவில்லை.

கடைசியாக ஒன்று வந்தது.

“நாற்று சரியில்லை. விதை ஒரு பக்கம் குவியலாக இருந்தது, ஒரு பக்கம் வெறும் மண். சுருட்டும்போதே பிய்ந்தது. மெஷின் போன இடமெல்லாம் சொட்டை விழுந்து, ஆள் விட்டு மறுபடி நட்டோம். அந்த அம்மா இருந்தவரை இப்படி ஆனதில்லை.”

பெயர் இல்லை. யார் என்று விசாரித்தால் தெரிந்துவிடும். நான் விசாரிக்கவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று வாய்விட்டுத் திட்டினேன். திரும்பப் படித்தேன். ஆவணியிலிருந்து என்னிடம் பேசிய அத்தனை பேரும் எதுவும் குறையவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒருவர்தான் குறைகிறது என்று சொன்னவர். சட்டென்று அழுகை வந்தது. காரியத்தன்றுகூட அழாதவன் நான்.

சாயங்காலம் மகன் கூப்பிட்டான். அவனும் அதைப் பார்த்திருந்தான்.

“ஒருத்தர்தானேப்பா, விட்டுடுங்க. மத்தவங்கல்லாம் நல்லாத்தானே போட்டிருக்காங்க.”

“அந்த ஒண்ணுலதான்டா உங்கம்மா இருக்கா.”

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

விதைநெல் வேண்டாம் என்று மறுநாளே சொல்லிவிட்டேன். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், மிக நன்று போட்டவர்கள் நாற்று கேட்டு வந்தார்கள். ஏன் விடவில்லை என்றார்கள்.

“அவ இல்ல, அதான்” என்றேன்.

அதுவரை யாரிடமும் நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.