நூல் தேய்த்த பல்

பிள்ளைகளா, "டப்பாவுல ஒரு பல்லு குறையுதே, எங்க நைனா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதைப் படகு இழுத்துப்போடும் மணலில் விளையாடித் தொலைத்தது நீங்கள்தான். அடிக்க மாட்டேன், கேளுங்கள்.

அரியலூர்ப் பக்கம் லாரி ஓட்டியபோது, மழை அரித்த மேட்டில் நான் பொறுக்கியவை அவை. தழை தின்ற டைனோசரின் பற்கள், கல்லாகிப் போனவை. தழையை உருவி உருவித் தின்றதில் முனை சாய்வாகத் தேய்ந்திருக்கிறது என்று அங்கே தோண்ட வந்த கல்லூரிக்காரர் சொன்னார்.

உங்கள் பெரியப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் காரியமும் செய்யவில்லை. பெரியம்மா குங்குமம் வைப்பதை நிறுத்தவில்லை. தினமும் அவருக்கு ஒரு தட்டுச் சோறு எடுத்துவைத்தார். வலை பின்னும்போது பெரியப்பா நூலைப் பல்லால்தான் அறுப்பார். "உன் வாய் இருக்கச்சே கத்தி இன்னாத்துக்குடா?" என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். அவருடைய முன்பல் சாய்வாகவே தேய்ந்துபோயிருந்தது. ஆளில்லாத வலைக் கொட்டகையில் நூல் அறுபடும் சத்தம் கேட்கிறது என்பார் பெரியம்மா. எனக்கும் கேட்டிருக்கிறது.

நீங்கள் தொலைத்த மறுநாள் காலை பெரியம்மா, வலை உதறிய இடத்தில் கிடந்த ஒரு பல்லை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடிவந்தார்.

"தம்பி, உங்கண்ணன் வலையில வந்துட்டாரு! பாரு, நூலு கடிச்ச தேய்மானம்."

வாங்கிப் பார்த்தேன். என் கைக்குள் அண்ணன் சிரிப்பதுபோல் இருந்தது.

"அண்ணி, இது கல்லு. என் டப்பாவுல இருந்தது. பசங்க தொலைச்சிட்டாங்க."

"மிருகத்துதா?"

"ஆமா. தழை தின்னது."

அதைத் தன் பல்லில் தட்டிப் பார்த்தார். கல் சத்தம்தான் வந்தது.

"அது செத்து எத்தினி காலம் ஆவுது?"

"கோடிக்கணக்கான வருசம் அண்ணி."

"இன்னும் கிடக்குதே பல்லு. அப்ப அவரு பல்லும் அடியில எங்கியோ கிடக்கும், இல்ல?"

"கிடக்கும் அண்ணி."

அண்ணன் இறந்துவிட்டார் என்று எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சொன்னது அப்போதுதான். சொன்னவன் நான்.

"அப்ப இத்தினி நாளா யாருக்குச் சோறு வெச்சேன்?" என்றார்.

சாயங்காலம் அந்தக் கல்பல்லை மஞ்சள் துணியில் கட்டி முகத்துவாரத்தில் விட்டார். "அது இன்னா மிருகமோ, அவருக்குத் துணையா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

அவர் போனபின் நான் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அண்ணனுக்காகத் தலை முழுகினேன்.