கேட்டதையே திருப்பிக் கேட்கும் வகுப்பு

பேசாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற டீச்சருக்குத் தொண்டை கட்டாது என்று நினைப்பவர்கள், எழுபதுகளில் தாம்பரத்தில் ஒரு சர்ச் ஹாலின் பாதியைத் தட்டி வைத்துத் தடுத்து நாங்கள் நடத்திய வகுப்பில் அரை நாள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். இதே மாதிரி வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம், தலையாட்டிக்கொண்டே படிப்பீர்கள்.

என்ன வியாதி?

முரளியைக் குரோம்பேட்டையில் எந்தப் பள்ளிக்கூடமும் வைத்துக்கொள்ளவில்லை. யார் முகத்தையும் பார்க்க மாட்டான். கையை உதறிக்கொண்டு அறையைச் சுற்றி வருவான். மெட்ராஸில் ஒரு பெரிய டாக்டர் இது ஆட்டிசம் என்று சொல்லி எங்களிடம் அனுப்பினார். அவன் அம்மா கமலா அந்த வார்த்தையை அதற்கு முன் கேட்டதே இல்லை. நானும் பயிற்சியில் எப்போதோ கேட்டதுதான். கமலா வீட்டுக்குப் போய், வீட்டு ஓனரம்மாவிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் முதுகைத் தடவி, "ஆட்டம்தானே கமலா? எங்க வீட்டுக்காரருக்கும் இருந்துச்சு, வயசானா நின்னுடும்" என்றாராம்.

இன்ஸ்பெக்டர்

வகுப்பைத் தொடர்ந்து நடத்த விடலாமா என்று பார்க்க கல்வி இலாகாவிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். நேராக முரளியிடம் போனார். நாம் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வது முரளியின் வழக்கம்.

"உன் பேர் என்ன?"

"உன் பேர் என்ன?"

"நான் கேக்கறேன்ல?"

"நான் கேக்கறேன்ல?"

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் பேரையும் ஊரையும் பவ்யமாகச் சொன்னார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "என் சர்வீஸ்ல என்னைத் திருப்பிக் கேள்வி கேட்ட முதல் பையன் இவன்தான் டீச்சர், வகுப்பு நடக்கட்டும்" என்றார்.

திருநீர்மலை

பிள்ளைகளைத் திருநீர்மலைப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனோம். தலையில் சீப்பு பட்டாலே முரளி அலறுவான். பட்டர் எல்லார் தலையிலும் கவிழ்த்து வைக்கும் சடாரியோடு நெருங்கியதும் நான் முரளியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கனமும் குளிர்ச்சியும் அவனுக்குப் பிடித்துவிட்டது. கண்ணை மூடி நின்றான், பிறகு வரிசையின் கடைசிக்கு ஓடிப்போய் மறுபடி நின்றான்.

மறுநாள் வகுப்பில் அவன் கத்தி அமர்க்களம் பண்ணியபோது, ஒரு பித்தளைக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்து மெதுவாக அழுத்தினேன். சட்டென்று அடங்கினான். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த கமலா வாசலிலேயே நின்றுவிட்டாள். "நீங்க சர்ச்சுக்குப் போறவங்கன்னு சொன்னாங்களே டீச்சர்" என்றாள்.

கூப்பிட்டது யாரை?

அவன் தன்னை 'அம்மா' என்று கூப்பிட வேண்டும் என்பதுதான் கமலாவின் ஒரே ஆசை. "அம்மா சொல்லு" என்று பழக்கினால், "அம்மா சொல்லு" என்பான்.

ஒரு நாள் நல்ல மழை. மற்ற பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். கமலா வர நேரமாகிவிட்டது. முரளி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தொப்பலாக நனைந்து வந்து படியேறியதும் ஓடிப்போய்ப் புடவையைப் பிடித்துக்கொண்டு, "முரளி, முரளி" என்றான். தினமும் அவள் வாசலில் நின்று அவனைக் கூப்பிடும் அதே குரல்.

"முரளி இல்லடா, அம்மா" என்று நான் திருத்தப் போனேன். கமலா என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். முகத்தில் வழிந்ததில் மழை எது, கண்ணீர் எது என்று தெரியவில்லை. "விடுங்க டீச்சர், கூப்பிட்டது என்னைத்தானே? நான் முரளியாவே இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

மற்ற பள்ளிக்கூடங்களில் பரீட்சை ரிசல்ட்டை வாசலில் எழுதி மாட்டுவார்கள்; 'முரளி தன் அம்மாவை முரளி என்று கூப்பிட்டான்' என்று எங்கள் ரிசல்ட்டை எழுதி மாட்டியிருந்தால் ஊரே எங்களைத்தான் டாக்டரிடம் அனுப்பியிருக்கும்.