மஞ்சள் நாடாவில் போன கேள்வி

ஈசூன் வட்டாரத்தில் கிளாரா அக்காவின் துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது, அவர் மகள் மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். "அம்மா பைபிள்ல இருந்துச்சு அங்கிள். உங்க பேரு போட்டிருக்கு." முகர்ந்து பார்த்தேன். பழைய இயந்திர எண்ணெய் வாசனை வந்தது. வந்ததாக எனக்குத் தோன்றியது என்று வையுங்களேன்.

எழுபதுகளின் கடைசி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் நானும் அக்காவும் டெலெக்ஸ் ஆபரேட்டர்கள். ஒரே திருச்சபை. மாலையில் எனக்கு இறையியல் கல்லூரி. ஞாயிறு பள்ளியில் அறிமுகமான கடவுள் ஒருவர், நவீன இறையியல் வகுப்பில் வந்தவர் வேறொருவர். நடுவில் நான் திண்டாடிக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்கு நான் நழுவிவிடுவேன். மிச்ச வேலைக்கெல்லாம் பொறுப்பேற்று அக்காதான் கையெழுத்துப் போடுவார். கணவர் இறந்து, கைக்குழந்தையோடு இருந்தவர். அந்த வேலைதான் அவருக்குச் சோறு.

செய்தியை முதலில் மஞ்சள் காகித நாடாவில் துளைகளாக அடித்துவைத்து, பிறகுதான் லைனில் ஓட்டுவோம்; அது மறுமுனையிலும் எங்கள் இயந்திரத் தாளிலும் எழுத்தாக அச்சாகும். வேலை ஓய்ந்த நேரத்தில் என் தேர்வுக் குறிப்புகளையும் அப்படியே அடித்துப் பழகுவேன். மேதாவி அல்லவா!

இறுதித் தேர்வு நாள். பினாங்கு போகும் கப்பலைக் கிள்ளான் துறைமுகத்துக்குத் திருப்பச் சொல்லி லண்டன் தலைமை அலுவலகத்துக்கு, அங்கே எதிர்பார்த்திருந்த அவசரச் செய்தி. நாடாவை ஓட்டிவிட்டு, மேசையில் கிடந்ததையெல்லாம் பையில் திணித்துக்கொண்டு பஸ் பிடித்தேன். தேக்கா சந்தையைத் தாண்டும்போது பேனாவைத் தேடினால், கையில் வந்தது ஒரு நாடா. துளைகளைப் படித்தேன். கப்பல் செய்தி! அப்படியானால் நான் ஓட்டியது வேறு நாடா. மேனேஜர் எழுதிக்கொடுத்த குறிப்பும் பையிலேயே இருந்தது. அக்காவால் அதைத் திரும்ப அடித்து அனுப்பவும் முடியாது.

தேர்வைத் தவறவிட்டால் எனக்கு ஒரு வருடம் போச்சு. எழுதப் போனால் அக்காவின் வேலை போச்சு. இறங்கி, காப்பிக் கடை போனில் ஆபீசைக் கூப்பிட்டேன். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. அந்த நிமிடம் கடவுள் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. எதிர்ப்பக்கம் ஓடி பஸ் ஏறினேன்.

"எங்கடா போன? மேனேஜர் ரெண்டு வாட்டி வந்து கேட்டுட்டாரு லா!" அக்காவின் முகம் வெளுத்திருந்தது. இயந்திரத்தில் தொங்கிய தாளில் என் தேர்வுக் குறிப்பு: கடவுள் மௌனமாக இருக்கும்போது ஜெபம் யாருக்குக் கேட்கிறது? அதற்குக் கீழே லண்டன்காரனின் பதில்: இங்கே யாருக்கும் தெரியவில்லை. கப்பல் என்ன ஆயிற்று?

சரியான நாடாவை ஓட்டினேன். கிடைத்தது, கப்பலைத் திருப்புகிறோம் என்று பதில் வந்தது. அக்கா அந்தத் தாளை இயந்திரத்திலிருந்து கிழித்தெடுத்துக் கைப்பைக்குள் மறைத்தார்.

"உன் எக்ஸாம்?"

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அழுதுவிட்டார்.

மறுவருடத் தேர்வில் அதே கேள்வி வந்தது. பெரிய பெரிய மேற்கோள்களாகப் போட்டு நாலு பக்கம் நிரப்பினேன். எப்படியோ போதகரும் ஆகிவிட்டேன். இப்போது டெலெக்ஸ் இல்லை. அந்தக் கட்டடம் இருந்த இடத்தில் ஓட்டல். துளைகளைப் படிக்கத் தெரிந்த அக்காவும் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து தாளை விரித்தேன். மை மங்கியிருந்தது. என் பெயரைப் போட்டு, லண்டன்காரனின் பதிலுக்குக் கீழே அக்கா பென்சிலில் எழுதியிருந்தார்: "ஆறு மணிக்கு ஜெபிச்சேன். ஆறரைக்குத் தம்பி வந்துட்டான்."

நாற்பது வருடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவி மனுஷி.